ஆறு முதல் எட்டு வரை: உலகம் சுருங்கும் வகுப்பறை

புது தில்லி: இந்தியாவின் வரைபடம் ஒன்று விரித்து வைக்கப்பட்டது. 14 முதல் 18 வயது வரையிலான கிராமப்புறப் பிள்ளைகளிடம் நான்கு கேள்விகள் கேட்கப்பட்டன. இது எந்த நாட்டின் வரைபடம்? இந்த நாட்டின் தலைநகர் எது? நீ வசிக்கும் மாநிலம் எது? அந்த மாநிலத்தை இந்த வரைபடத்தில் தொட்டுக் காட்ட முடியுமா?

பிரதம் அமைப்பு வெளியிடும் ‘அசர்’ கல்வி நிலை அறிக்கைக்காக 2017-ஆம் ஆண்டில் 24 மாநிலங்களைச் சேர்ந்த 28 மாவட்டங்களில் இந்த ஆய்வு நடத்தப்பட்டது. 28 ஆயிரத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் இதில் பங்கேற்றனர். அது இந்தியாவின் வரைபடம் என்று 86 சதவீதத்தினர் சரியாகக் கூறினர். தலைநகரின் பெயரை 64 சதவீதத்தினர் கூறினர். தங்கள் மாநிலத்தின் பெயரை 79 சதவீதத்தினர் கூறினர். ஆனால், அந்த மாநிலம் வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்று தொட்டுக் காட்டியவர்கள் 42 சதவீதத்தினர் மட்டுமே.

பெயரைச் சொல்வதற்கும் இடத்தைக் காட்டுவதற்கும் இடையே 37 சதவீதப் புள்ளிகள் இடைவெளி. பதில் அளித்தவர்களில் பெரும்பாலோர் அப்போதும் பள்ளியிலோ கல்லூரியிலோ படித்துக் கொண்டிருந்தவர்கள்தான். ஆறாம் வகுப்பில் அட்சரேகை, தீர்க்கரேகை பற்றிப் படித்து, தேர்வில் விடை எழுதி, எட்டாம் வகுப்பையும் கடந்து வந்தவர்கள் அவர்களில் மிகப் பலர். சொந்த மாநிலத்துக்கே நிலைமை இதுவென்றால், வரைபடத்தில் ஆப்பிரிக்காவும் தென் அமெரிக்காவும் அவர்களுக்கு எந்த அளவுக்குப் புலப்படும் என்பதை ஊகிக்க அதிக நேரம் தேவையில்லை.

இந்த நூற்றாண்டில் மட்டும் ஆறாம் வகுப்பு சமூக அறிவியல் நூல் மூன்று முறை அடியோடு மாற்றி எழுதப்பட்டுள்ளது. ஒவ்வொரு முறையும் நாடாளுமன்றத்திலும் நீதிமன்றத்திலும் பத்திரிகைகளிலும் விவாதங்கள் நடந்தன. அவை பெரும்பாலும் வரலாற்றுப் பாடங்களைப் பற்றியவை. அதே நூலில், அதே மாணவனுக்கு உலகம் எந்த அளவுக்கு அறிமுகம் செய்யப்படுகிறது என்ற கேள்வி அந்த ஆரவாரத்தில் எழவே இல்லை.

எதிர்பார்ப்பு என்ன?

தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் கவுன்சில், சுருக்கமாக என்.சி.இ.ஆர்.டி., தொடக்கக் கல்வி நிலையில் ஒவ்வொரு வகுப்பிலும் மாணவர் பெற வேண்டிய கற்றல் விளைவுகளை 2017-ஆம் ஆண்டில் வரையறுத்தது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் விதிகள் அதே ஆண்டு பிப்ரவரியில் திருத்தப்பட்டு, இவ்விளைவுகள் சட்டத்தின் வரம்புக்குள் கொண்டுவரப்பட்டன. எனவே இவை ஆசிரியரின் விருப்பத்துக்கு விடப்பட்ட வெறும் நல்லெண்ணக் குறிப்புகள் எனக் கருத முடியாது.

அந்தப் பட்டியல் கேட்பவை எளிமையானவை. ஆறாம் வகுப்பு மாணவர், உலக வரைபடத்தில் கண்டங்களையும் பெருங்கடல்களையும் அடையாளம் காட்ட வேண்டும். துருவங்கள், நிலநடுக்கோடு, இந்திய மாநிலங்கள், அண்டை நாடுகள் ஆகியவற்றை உலக உருண்டையில் கண்டறிய வேண்டும். தம் வீட்டுச் சுற்றுப்புறத்தை அளவுத்திட்டம், திசை, குறியீடுகள் ஆகியவற்றுடன் வரைந்து காட்ட வேண்டும். ஏழாம் வகுப்பில், நிலத்தோற்றங்களும் தட்பவெப்ப மண்டலங்களும் உலகில் எங்கெங்கே பரவியுள்ளன என்பதை வரைபடத்தில் குறிக்க வேண்டும். எட்டாம் வகுப்பில், பயிர்களும் கனிமங்களும் எங்கே கிடைக்கின்றன என்பதோடு, இயற்கை வளங்கள் உலகில் ஏன் சமமாகப் பங்கிடப்படவில்லை என்பதையும் ஆராய வேண்டும்.

கவனித்தால் ஒன்று புலப்படும். காட்டு, குறி, வரை, காரணம் கூறு என்பவையே இப்பட்டியல் முழுவதும் விரவிக் கிடக்கும் வினைகள். மனப்பாடமாக ஒப்பி என்று எங்கும் எழுதப்படவில்லை.

மாணவர்கள் இந்த எதிர்பார்ப்பை எட்டினார்களா? 2021-ஆம் ஆண்டு நவம்பரில் மத்தியக் கல்வி அமைச்சகம் நடத்திய தேசிய அடைவுத் தேர்வில், எட்டாம் வகுப்பு மாணவர்கள் சமூக அறிவியலில் 500-க்கு சராசரியாக 255 புள்ளிகள் பெற்றனர். அதே மாணவர்கள் மொழிப் பாடத்தில் பெற்றது 302. 2024-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் தேதி 781 மாவட்டங்களில் 21 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடத்தப்பட்ட ‘பரக்’ தேசிய ஆய்வில், ஒன்பதாம் வகுப்பினர் சமூக அறிவியலில் எட்டியது 40 சதவீதம். அதாவது, நடுநிலைக் கல்வியை முடித்து வெளியே வந்தவர்களின் நிலை இது. இவை வரலாறு, குடிமையியல் ஆகியவற்றையும் சேர்த்த எண்கள். புவியியலுக்கென்று தனியாக எடுக்கப்பட்டவை அல்ல. எனினும், அதிகம் பேசப்படும் கணிதத்தின் சதவீதமும் 37 என்ற அளவிலேயே நின்றது என்பதை நோக்கும்போது, சமூக அறிவியலை ‘எளிய பாடம்’ என்று ஒதுக்கிவைக்க இடமில்லை.

மூன்று முறை மாறிய நூல்

பழைய தலைமுறை மத்தியப் பாடத்திட்ட மாணவர்கள் ‘நிலங்களும் மக்களும்’ என்ற பொருள் தரும் தலைப்பிலான நூல் வரிசையில் உலகைக் கண்டம் கண்டமாகப் படித்தனர். நாடுகள், தலைநகரங்கள், ஆறுகள், விளைபொருள்கள் என நீண்ட பட்டியல்கள் அவற்றில் இருந்தன. சுமையும் அதிகம், நெட்டுருவும் அதிகம்.

வாஜ்பாய் தலைமையிலான ஆட்சியில், முரளி மனோகர் ஜோஷி அமைச்சராக இருந்தபோது உருவான 2000-ஆம் ஆண்டுப் பாடத்திட்ட வரைவு, வரலாறு, புவியியல், குடிமையியல் மூன்றையும் ஒரே நூலாக இணைத்தது. 2002-இல் வெளியான ஆறாம் வகுப்பு நூலின் பெயர் ‘இந்தியாவும் உலகமும்’. அந்தப் பாடத்திட்டத்தை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கில், உச்ச நீதிமன்றம் 2002 செப்டம்பரில் பாடத்திட்டத்தை உறுதி செய்து தீர்ப்பளித்தது.

2004-இல் ஆட்சி மாறியது. பேராசிரியர் யஷ்பால் தலைமையிலான குழுவின் வழிகாட்டுதலில் 2005-ஆம் ஆண்டுப் பாடத்திட்ட வரைவு வெளிவந்தது. மனப்பாடத்திலிருந்து விடுதலை, பாடத்துக்கும் பள்ளிக்கு வெளியே உள்ள வாழ்வுக்கும் தொடர்பு என்பவை அதன் முழக்கங்கள். ஒருங்கிணைந்த நூல் கைவிடப்பட்டு, புவியியலுக்குத் தனி நூல் கிடைத்தது. ஆறாம் வகுப்புக்கு ‘பூமி: நமது வாழிடம்’, ஏழாம் வகுப்புக்கு ‘நமது சுற்றுச்சூழல்’, எட்டாம் வகுப்புக்கு ‘வளங்களும் மேம்பாடும்’ என்ற பொருள்படும் தலைப்புகளில் 2006 முதல் 2008 வரை இவை வெளிவந்தன.

கண்டங்களின் பட்டியலை இந்நூல்கள் கைவிட்டன. அதற்குப் பதிலாக ஒப்பீட்டைக் கையில் எடுத்தன. ஏழாம் வகுப்பு மாணவர் அமேசான் படுகையைக் கங்கை - பிரம்மபுத்திரா படுகையுடனும், சகாராவின் வெப்பப் பாலைவனத்தை லடாக்கின் குளிர் பாலைவனத்துடனும் வைத்துப் படித்தார். எட்டாம் வகுப்பில் ஜாம்ஷெட்பூருக்குப் பக்கத்தில் பிட்ஸ்பர்க், ஆமதாபாத்துக்குப் பக்கத்தில் ஒசாகா, இந்திய விவசாயியின் சிறு நிலத்துக்குப் பக்கத்தில் அமெரிக்க விவசாயியின் பெரும் பண்ணை. உலகத்தைத் தெரிந்த ஊரோடு ஒட்டவைத்துக் காட்டும் இந்த முறை, பட்டியலைவிடப் பயனுள்ளது என்பதில் ஐயமில்லை.

மூன்றாவது மாற்றம் 2024-இல் வந்தது. 2020 தேசியக் கல்விக் கொள்கை, 2023 ஆகஸ்டில் வெளியிடப்பட்ட பள்ளிக் கல்விப் பாடத்திட்ட வரைவு ஆகியவற்றின் அடிப்படையில் மூன்று நூல்கள் மீண்டும் ஒன்றாயின. புதிய நூலின் தலைப்பு ‘சமூகத்தை ஆராய்வோம்: இந்தியாவும் அப்பாலும்’ என்ற பொருளைத் தருவது. 2002-ஆம் ஆண்டு நூலின் பெயரோடு இதற்குள்ள நெருக்கம் தற்செயலானதாகவும் இருக்கலாம். ஆனால், ஒரே நூலா, தனி நூல்களா என்ற கேள்விக்கு 22 ஆண்டுகளில் மூன்று விடைகள் அளிக்கப்பட்டுவிட்டன என்பது குறிப்பிடத்தக்கது.

இணைப்புக்கு ஆதரவான வாதத்தைப் புறந்தள்ள முடியாது. ஓர் ஆற்றைப் பற்றிப் படிக்கும்போது அதன் கரையில் எழுந்த நகரையும், அந்நகரின் வணிகத்தையும், ஊராட்சியையும் சேர்த்துப் படிப்பது இயல்பானது. மலை, சமவெளி, பாலை நிலங்களில் மக்கள் வாழும் விதத்தைக் கூறும் புதிய ஆறாம் வகுப்புப் பாடத்தில், சங்க இலக்கியத்தின் ஐந்திணைப் பாகுபாடு அட்டவணையாகத் தரப்பட்டுள்ளது. நிலத்தையும் வாழ்வையும் ஒன்றாகப் பார்த்த அந்தப் பழைய பார்வை, தில்லியில் அச்சாகும் நாடு தழுவிய நூலில் இடம்பெறுவது தமிழர்கள் மகிழத்தக்கதே. உஜ்ஜயினி வழியாகச் சென்ற பண்டைய இந்திய முதன்மைத் தீர்க்கரேகை பற்றிய செய்தியும் நூலில் உண்டு.

பிரச்சினை அளவில்தான் இருக்கிறது. பழைய ஆறாம் வகுப்புப் புவியியல் நூலில் எட்டுப் பாடங்கள் இருந்தன. புதிய நூலில் உள்ள 14 பாடங்களில் நிலத்தைப் பற்றியவை முதல் மூன்று. உலகின் எல்லாக் கண்டங்களும் பெருங்கடல்களும் ஒரே பாடத்தில் அடங்கிவிடுகின்றன. 2025-இல் வெளியான ஏழாம் வகுப்பு நூலின் முதல் பகுதியில் 12 பாடங்கள். அவற்றில் புவியியல் சார்ந்தவை மூன்று: இந்தியாவின் நில வேறுபாடுகள், வானிலை, இந்தியாவின் தட்பவெப்பம். அதே ஆண்டு வந்த எட்டாம் வகுப்பு நூலின் முதல் பகுதியில் ஏழு பாடங்கள். இயற்கை வளங்கள் பற்றிய பாடம் ஒன்று. தலைப்பில் உள்ள ‘அப்பால்’ என்ற சொல்லுக்குக் கிடைத்த இடம் மிகக் குறைவு.

வெட்டப்பட்ட புல்வெளி

உலகம் பாடநூலிலிருந்து வெளியேறத் தொடங்கியது 2024-இல் அன்று. கொரோனா காலச் சுமையைக் குறைப்பதாகக் கூறி 2022-இல் என்.சி.இ.ஆர்.டி. பல பாடங்களை நீக்கியது. முகலாயர் வரலாறும் டார்வின் கொள்கையும் நீக்கப்பட்டது பற்றி நாடு முழுவதும் சர்ச்சை எழுந்தது. அதே கத்தரி புவியியலிலும் பாய்ந்தது. ஏழாம் வகுப்பில் வட அமெரிக்காவின் பிரெய்ரி, தென் ஆப்பிரிக்காவின் வெல்ட் ஆகிய மித வெப்ப மண்டலப் புல்வெளிகள் பற்றிய பாடமும், இயற்கைத் தாவரங்கள் பற்றிய பாடமும் போயின. ஆறாம் வகுப்பில் உலகின் முக்கிய நிலத்தோற்றங்கள் பற்றிய பாடம் போனது. எட்டாம் வகுப்பில் கனிமங்கள், எரிசக்தி வளங்கள் பற்றிய பாடம் போனது. இவற்றுக்காகக் குரல் கொடுத்தவர்கள் மிகச் சிலரே.

இதன் விளைவு புரிய வேண்டுமானால், அதற்குப் பிந்தைய வகுப்புகளையும் பார்க்க வேண்டும். 2005 பாடத்திட்டத்தின்படி வந்த ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் புவியியல் நூல்களின் பெயரே ‘தற்கால இந்தியா’. அவற்றில் இந்தியாவின் ஆறுகள், இந்தியாவின் பருவமழை, இந்தியாவின் தொழில்கள் ஆகியவையே பாடங்கள். மீண்டும் உலகப் புவியியல் வருவது பதினொன்றாம் வகுப்பில். அதுவும் புவியியலை விருப்பப் பாடமாக எடுப்பவருக்கு மட்டும். மருத்துவம், பொறியியல் நோக்கி ஓடும் மாணவர் அப்பக்கம் திரும்புவதே இல்லை. ஆக, இந்திய மாணவர் உலகப் புவியியலைக் கட்டாயமாகச் சந்திக்கும் காலம் ஆறு முதல் எட்டு வரையிலான மூன்றே ஆண்டுகள். அந்த மூன்று ஆண்டுகளில் குறைக்கப்படும் ஒவ்வொரு பாடமும் பின்னர் ஈடு செய்யப்படாத இழப்பு.

தமிழகத்தின் மாநிலப் பாடத்திட்டம் வேறு வழியில் செல்கிறது. 2018 முதல் நடைமுறைக்கு வந்த நூல்களில், ஆறாம் வகுப்பில் ஆசியாவும் ஐரோப்பாவும், ஏழாம் வகுப்பில் வட அமெரிக்காவும் தென் அமெரிக்காவும், எட்டாம் வகுப்பில் ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, அண்டார்டிகாவும் தனிப் பாடங்களாக உள்ளன. பட்டியல்களின் பழைய சுமை அவற்றிலும் ஓரளவு இருக்கலாம். எனினும், எட்டாம் வகுப்பு முடிப்பதற்குள் ஏழு கண்டங்களையும் ஒரு சுற்றுச் சுற்றிவர அங்கு வழியுண்டு.

இங்கிலாந்தின் தேசியப் பாடத்திட்டம், 11 முதல் 14 வயது வரையிலான மாணவர்கள் ஆப்பிரிக்கா, ரஷியா, மேற்காசியா ஆகியவற்றோடு, பெயர் சுட்டியே இந்தியாவையும் சீனாவையும் படிக்க வேண்டும் என்று கூறுகிறது. வெளிக்கள ஆய்வும், நில அளவை வரைபடங்களைப் படிக்கும் பயிற்சியும் அங்கு பாடத்தின் பகுதி. லண்டன் மாணவர் கங்கையைப் பற்றிப் படிக்கும் வயதில், தில்லி மாணவர் யாங்சியைப் பற்றி எவ்வளவு படிக்கிறார் என்பது எழுப்பப்பட வேண்டிய கேள்வி. இமயத்தின் மறுபக்கத்தில் இருக்கும் நாட்டோடு இந்தியாவுக்கு எல்லைச் சிக்கலும் உண்டு. பெரும் வணிகமும் உண்டு.

இது வெறும் ஏட்டுக் கல்வி பற்றிய கவலையாக நின்றுவிடுவதில்லை. 2022 பிப்ரவரியில் ரஷியா - உக்ரைன் போர் வெடித்தபோது, அங்கிருந்து ஏறத்தாழ 22,500 இந்தியர்கள் நாடு திரும்ப நேர்ந்தது. பெரும்பாலோர் மருத்துவம் படிக்கச் சென்ற மாணவர்கள். தமிழகத்தைச் சேர்ந்தவர்களும் அதில் கணிசமாக இருந்தனர். போலந்து, ஹங்கேரி, ருமேனியா, ஸ்லோவாகியா, மால்டோவா ஆகிய நாடுகளின் எல்லைகளை நோக்கி அவர்கள் நகர வேண்டியிருந்தது. தாம் இருக்கும் நகரிலிருந்து எந்த எல்லை அருகில் என்ற கேள்வி, அந்த நாள்களில் உயிர் காக்கும் கேள்வியாக இருந்தது. வளைகுடா நாடுகளில் சுமார் 90 லட்சம் இந்தியர்கள் வாழ்கின்றனர். நாட்டின் கச்சா எண்ணெய்த் தேவையில் 85 சதவீதத்துக்கும் மேல் கடல் கடந்து வருகிறது. 2023 நவம்பர் முதல் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டபோது, இந்திய ஏற்றுமதியாளர்களின் சரக்குகள் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிச் செல்ல நேர்ந்தது. பாபெல் மண்டெப் நீரிணை எங்கே இருக்கிறது என்று அறியாதவருக்கு இச்செய்தி வெறும் பெயர்களின் கோவை.

எண் மாறும், காரணம் மாறாது

வகுப்பறையில் புவியியல் என்றால் எண்களும் பெயர்களும் என்றே பொருள் கொள்ளப்படுகிறது. ஆனால் பாடநூலில் விரைவில் காலாவதியாவது அவையே. ஆறாம் வகுப்பு நூல் 2006-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அச்சானது. அதே ஆண்டு ஆகஸ்ட் 24-ஆம் தேதி சர்வதேச வானியல் சங்கம் புளூட்டோவைக் கோள்களின் பட்டியலிலிருந்து நீக்கியது. நூலின் அடுத்த பதிப்பைத் திருத்த வேண்டியதாயிற்று. ஏழாம் வகுப்பு நூல், லிபியாவின் அல் அஜீஜியாவில் 1922-இல் பதிவான 57.7 டிகிரி செல்சியஸை உலகின் மிக உயர்ந்த வெப்பநிலையாகக் குறிப்பிட்டது. 2012-இல் உலக வானிலை அமைப்பு அந்தப் பதிவு பிழையானது என்று கூறி நீக்கிவிட்டது.

உள்நாட்டிலும் இதே கதைதான். 2014 ஜூனில் தெலங்கானா பிறந்து மாநிலங்கள் 29 ஆயின. 2019 அக்டோபர் 31-இல் ஜம்மு காஷ்மீர் இரு யூனியன் பிரதேசங்களாகப் பிரிக்கப்பட்டு மாநிலங்கள் 28 ஆயின. 2020 ஜனவரியில் தாத்ரா நகர் ஹவேலியும் டாமன் டையூவும் இணைக்கப்பட்டு, யூனியன் பிரதேசங்கள் ஒன்பதிலிருந்து எட்டாகக் குறைந்தன. இந்த இடைவெளியில் படித்த ஒவ்வொரு மாணவர் அணியும் வெவ்வேறு எண்களை மனப்பாடம் செய்தது.

சகாராவில் மழை ஏன் பெய்வதில்லை என்ற காரணம் இந்த நூற்றாண்டில் மாறவில்லை. குஜராத்தின் மேற்கு எல்லை 68 டிகிரி தீர்க்கரேகையை ஒட்டியும், அருணாசலத்தின் கிழக்கு எல்லை 97 டிகிரியை ஒட்டியும் இருப்பதால், இரண்டு இடங்களிலும் சூரியன் உதிப்பதற்கிடையே ஏறத்தாழ இரண்டு மணி நேர வித்தியாசம் உண்டு என்பதும் மாறவில்லை. ஒரு டிகிரிக்கு நான்கு நிமிடம் என்ற கணக்கை ஒருமுறை புரிந்துகொண்ட மாணவர், துபாயில் இருக்கும் தந்தைக்கு எப்போது தொலைபேசியில் பேசலாம் என்பதையும் தாமே கணக்கிட்டுக் கொள்வார்.

வரைபடத்தைச் சந்தேகிக்கக் கற்றுக் கொடுப்பதும் அதில் அடங்கும். சுவரில் தொங்கும் உலகப் படங்கள் பல, 16-ஆம் நூற்றாண்டில் கடலோடிகளுக்காக மெர்க்கேட்டர் வகுத்த முறையில் வரையப்பட்டவை. துருவங்களை நெருங்க நெருங்க நிலப்பரப்பைப் பெரிதாகக் காட்டுவது அம்முறையின் இயல்பு. அப்படத்தில் கிரீன்லாந்து இந்தியாவைப் போலப் பல மடங்கு பெரிதாகத் தெரியும். உண்மையில் கிரீன்லாந்தின் பரப்பு ஏறத்தாழ 21.7 லட்சம் சதுர கிலோமீட்டர். இந்தியாவின் பரப்பு 32.87 லட்சம் சதுர கிலோமீட்டர். ஆப்பிரிக்காவோ கிரீன்லாந்தைப் போல 14 மடங்கு பெரியது. இந்தப் படத்தைக் கைவிட வேண்டும் என்னும் இயக்கத்துக்கு 2025 ஆகஸ்டில் ஆப்பிரிக்க ஒன்றியம் ஆதரவு தெரிவித்தது. எந்த நாடு பெரியது, எந்த நாடு சிறியது என்ற எண்ணமே ஒரு படத்தால் உருவாகிறது என்பதைப் பன்னிரண்டு வயதில் அறிந்துகொள்பவர், பின்னாளில் தேர்தல் வரைபடங்களையும் எல்லை வரைபடங்களையும் கூர்ந்து பார்க்கும் குடிமகனாவார்.

ஐந்து மதிப்பெண் வரைபடம்

நூல் நன்றாக இருந்தாலும், கற்பிப்பவர் யார், தேர்வு எதைக் கேட்கிறது என்பவையே வகுப்பறையைத் தீர்மானிக்கின்றன. கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் எட்டு வரை ஆண்டுக்கு 220 வேலை நாள்கள், 1,000 மணி நேரக் கற்பித்தல் என்று கூறுகிறது. அறிவியல் - கணிதம், சமூகவியல், மொழி ஆகிய ஒவ்வொன்றுக்கும் குறைந்தது ஓர் ஆசிரியர் வேண்டும் என்பதும் அதன் அளவுகோல். இதன்படி வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் அனைத்துக்கும் ஒரே ஆசிரியர் போதும். வரலாறோ அரசியலோ பயின்று வந்த ஒருவர், தாம் பள்ளியோடு விட்டுவிட்ட தீர்க்கரேகைகளை மாணவருக்கு விளக்க வேண்டியிருக்கிறது. ஒருங்கிணைந்த நூலில், தமக்குப் பழக்கமான பாடங்களில் அதிக நாள் தங்குவதும், மற்றவற்றை விரைந்து கடப்பதும் எந்த ஆசிரியருக்கும் இயல்பு.

தேர்வு முறையும் அதற்கே துணை நிற்கிறது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் வினாத்தாளில், 80 மதிப்பெண்ணில் வரைபடத்துக்கு ஒதுக்கப்பட்டு வந்தது 5. அதிலும் புவியியலுக்கு 3, மீதம் வரலாற்றுக்கு. குறிக்க வேண்டிய இடங்களின் பட்டியலும் முன்கூட்டியே தரப்பட்டுவிடும். எல்லைக்கோடு மட்டும் அச்சிட்ட தாளில், ஏற்கெனவே பழகிய இடத்தில் புள்ளி வைத்தால் போதும். தெரியாத ஒரு வரைபடத்தைக் கையில் கொடுத்து, இதிலிருந்து என்ன அறிகிறாய் என்று கேட்கும் வழக்கம் அரிது. பெரிய தேர்வு எதைக் கேட்கிறதோ, அதையே ஆறாம் வகுப்பிலிருந்து பள்ளிகள் பழக்குகின்றன.

இந்நிலையில்தான் 2024 டிசம்பரில் மத்திய அரசு விதிகளைத் திருத்தியது. ஐந்தாம், எட்டாம் வகுப்புகளில் ஆண்டுத் தேர்வில் தவறுபவருக்கு இரண்டு மாதங்களுக்குள் மறுதேர்வு; அதிலும் தவறினால் அதே வகுப்பில் நிறுத்திவைக்கலாம் என்பது திருத்தம். கேந்திரிய வித்யாலயா, நவோதயா போன்ற மத்திய அரசுப் பள்ளிகளுக்கு இது பொருந்தும். தமிழகம் இதை ஏற்கவில்லை. கட்டாயத் தேர்ச்சி முறை தேவையா, இல்லையா என்ற விவாதத்தில் பலரும் கவனிக்கத் தவறிய வாசகம் ஒன்று அவ்விதிகளில் உள்ளது. இத்தேர்வுகள் மாணவரின் திறனை அளப்பவையாக இருக்க வேண்டும். மனப்பாடத்தை அடிப்படையாகக் கொண்டிருக்கக் கூடாது என்பதே அது. ஒரு சிறுவனை அதே வகுப்பில் மீண்டும் உட்கார வைக்கும் அதிகாரத்தை எடுத்துக்கொண்ட அரசு, அந்த வாசகத்துக்கு எந்த அளவுக்கு உண்மையாக இருக்கப் போகிறது?

வரைபட அரசியல்

வரைபடத்தின் மீது இந்திய அரசியலுக்கு அக்கறை இல்லை என்று கூற முடியாது. நில அளவைத் துறை வெளியிட்ட படத்துக்கு மாறாக நாட்டின் எல்லையைக் காட்டி அச்சிடுவது, 1961-ஆம் ஆண்டின் குற்றவியல் சட்டத் திருத்தத்தின்படி ஆறு மாதம் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். 2025-இல் புதிய எட்டாம் வகுப்பு நூலில், ராஜஸ்தானின் ஜைசல்மேர் மராட்டியப் பேரரசின் பகுதியாக வரைபடத்தில் காட்டப்பட்டிருந்தது. ஜைசல்மேர் முன்னாள் அரச குடும்பத்திலிருந்து கடும் எதிர்ப்பு எழுந்தது. நூல்கள் குறித்து வந்த கருத்துகளை ஆராய என்.சி.இ.ஆர்.டி. அந்த ஆகஸ்டில் நிபுணர் குழுவை அமைத்தது.

ஒரு வண்ணம் எல்லைக்கோட்டைத் தாண்டியதற்கு இத்தனை வேகத்தில் குழு அமைகிறது. அந்த எல்லைக்கோட்டைப் படிக்கத் தெரியாமலே பாதிக்கும் மேற்பட்ட இளைஞர்கள் பள்ளியைக் கடந்து செல்வது குறித்து ஆராய எந்தக் குழுவும் அமைக்கப்படவில்லை.

கருவிகளுக்குப் பஞ்சம் இருப்பதாகவும் கூற இயலாது. இந்திய நில அளவைத் துறை 1767-இல் தொடங்கப்பட்டது. துணைக் கண்டத்தையே முக்கோணங்களாகப் பகுத்து அளந்த மாபெரும் பணி, 1802-இல் சென்னைப் பரங்கிமலைப் பகுதியில் முதல் அடிக்கோட்டை அளந்து தொடங்கியது. கொல்கத்தாவில் தேசிய நிலவரைபட நிறுவனம் 1956 முதல் இயங்குகிறது. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் ‘புவன்’ தளத்தில், என்.சி.இ.ஆர்.டி. பாடங்களையொட்டிய செயற்கைக்கோள் படங்கள் பள்ளி மாணவர்களுக்கென்றே தரப்பட்டுள்ளன. வரைபடங்களை உருவாக்கவும் பயன்படுத்தவும் இருந்த கட்டுப்பாடுகளை மத்திய அரசு 2021 பிப்ரவரியில் பெருமளவு தளர்த்தியது. நாட்டிடம் உள்ள இவ்வளவு வளத்தில், ஆறாம் வகுப்பு மேசைக்கு வந்து சேர்வது பாடநூலின் ஓரத்தில் உள்ளங்கை அளவுக்கு அச்சான படம் மட்டுமே.

செய்யக்கூடியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. இலவசப் பாடநூலோடு, நில அளவைத் துறை சரிபார்த்த அட்லஸ் ஒன்றை ஆறாம் வகுப்பில் கொடுத்து, மூன்று ஆண்டுகளுக்கும் அதையே பயன்படுத்தச் செய்யலாம். எட்டாம் வகுப்புத் தேர்வில் அட்லஸைத் திறந்து வைத்துக்கொண்டு விடை எழுதும் பகுதியைச் சேர்க்கலாம். சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கு வரைபடப் பயிற்சியை ஆண்டுதோறும் அளிக்கலாம். நீக்கப்பட்ட புல்வெளிகளுக்கும் கனிமங்களுக்கும், சீனாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும், வரும் பதிப்புகளில் இடம் தேடலாம். இவற்றில் எதற்கும் புதிய சட்டம் தேவையில்லை. 2017-இல் அரசே எழுதிவைத்த கற்றல் விளைவுகளை அரசே படித்துப் பார்த்தால் போதும்.

உலக அரங்கில் இந்தியாவுக்கு உரிய இடம் வேண்டும் என்று எல்லாக் கட்சித் தலைவர்களும் முழங்குகின்றனர். அந்த இடம் எங்கே இருக்கிறது என்று உலக வரைபடத்தில் தொட்டுக் காட்டத் தெரிந்த தலைமுறையை உருவாக்குவது, ஆறாம் வகுப்பில் தொடங்க வேண்டிய வேலை.